சோதனை ஒன்று

கொழும்பிலிருக்கும் சேர்வரைச் சோதிக்க, தர்ஷிகா தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பின் கறுப்புத் திரையில் ஒற்றை வரிக் கட்டளையைத் தட்டிவிட்டாள். ‘வெற்றி’ என்று பதில் வந்தது.

சற்று நேரத்தில் அம்மா கிருஷ்ணம்மா ஓடிவந்தாள்.

“நாளைக்குப் பெரட்டு இல்லையாம்டி! கொழுந்தெடுக்கப் போக வேணாம். லயமே ரிவர்ஸ்டன் மலை பாக்கப் போறோம், வேன் பேசியாச்சு!”

“யாரும்மா சொன்னா?”

“தோட்டத்துத் தொரதான், எல்லார் போனுக்கும் மெசேஜ் போட்டிருக்காரு. அடியில ‘சோதனை ஒன்று’ன்னு வேற எழுதியிருக்காரு. அவருக்கு என்ன சோதனையோ, பாவம் மனுசன்!”

தர்ஷிகா திரையிலிருந்த கட்டளையை மறுபடி படித்தாள். டெஸ்ட் சேர்வர் என்று நினைத்து, ‘நாளைக்குப் பெரட்டு இல்லை’ என்று தொரையின் பெயரில் எழுதிய அந்தச் சோதனை வரியை, தோட்டத்துக்குச் செய்தி அனுப்பும் நிஜ சேர்வருக்கே அவள் அனுப்பியிருந்தாள்.

கொழும்பு ஆபீஸிலிருந்து அவளுடைய மேனேஜர் அழைத்தார்.

“சேர்வர் ஒழுங்கா வேலை செய்யுதா, தர்ஷிகா?”

“சேர்வர் வேலை செய்யுது சேர். தோட்டந்தான் நாளைக்கு வேலை செய்யாது.”