திரும்பி நின்றவர்கள்

“கழத்துட்டி! கல்லு மாதிரி நிக்கிதியே, எல்லாத்தையும் கழத்துட்டி!”

சாரம்மாள் போட்ட சத்தத்தில் கெமிக்கல் குடோன் ஷெட்டின் தகரமே அதிர்ந்தது.

முஃபீதா அசையவில்லை. தலைக்கு மேல் ஷவர் கொட்டுகொட்டென்று கொட்டுகிறது. அவளோ யூனிஃபார்ம் கோட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நடந்தது இதுதான். அடுக்கிலிருந்து காஸ்டிக் சோடாக் கேனை இறக்கும்போது கை வழுக்கியது, மூடி தெறித்தது, பாதிக் கேன் அவள் மேல். நெஞ்சுக்குக் கீழே முழுக்க நனைந்துவிட்டது. கூட வேலை செய்த சாரம்மாள்தான் அவளைத் தரதரவென்று இழுத்துவந்து, முற்றத்தில் இதற்கென்றே நட்டுவைத்திருக்கும் ஷவரைத் திறந்துவிட்டாள்.

சித்திரை வெயிலில் கிடந்த தண்ணீர். முதலில் வெந்நீராகத்தான் வந்தது.

ஆசிட் என்றால் பட்டதுமே எரியும். யாரும் சொல்லவேண்டாம், துணியைத் தானே பிய்த்துப் போட்டுவிடுவார்கள். காஸ்டிக் அப்படியில்லை. சோப்புத் தண்ணீர் மாதிரி வழவழவென்று இருக்கும். வலிக்கவே வலிக்காது. வலிக்கும்போது தோலைத் தாண்டிப் போயிருக்கும். ஊறின துணி உடம்போடு ஒட்டியிருக்கிறவரைக்கும் அது தின்றுகொண்டேதான் இருக்கும்.

“எரியலக்கா. இப்படியே நின்னுக்கிடுதேன்.”

“இப்ப எரியாது மூதி! பொறவு எரியும்போது நீ இருக்க மாட்ட!”

லோடு இறக்குகிற ஆண்கள் ஓடிவந்து கூடிவிட்டார்கள். சூப்பர்வைசர் சுவிசேஷமுத்து, கீழே கொட்டினதைச் சுற்றி மணலைப் போடச் சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு வந்தார்.

சாரம்மாள் அவர்களைப் பார்த்தாள். முஃபீதாவைப் பார்த்தாள். அட, இதுதானா?

மேலப்பாளையத்துப் பிள்ளை. சாப்பிடும்போதுகூட முக்காடு விலகாது. இத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் எப்படிக் கழற்றுவாள்?

“தடிமாடு கணக்கா நிக்கியளே, அங்கிட்டுத் திரும்புங்கலே!”

திரும்பினார்கள். எந்நேரமும் யாரையாவது ஓட்டிக்கொண்டே இருக்கும் குமரகுருபரன்தான், லாரித் தார்ப்பாயை இழுத்துவந்து, ஒரு முனையை இன்னொருவன் கையில் கொடுத்து, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கமாகப் பார்த்து நின்றான்.

“இப்ப ஒரு கண்ணும் பாக்கல. நானும் பொம்பளதான். கழத்து.”

“நீங்களும் போயிருங்கக்கா. நானே கழுவிக்கிடுதேன்.”

சாரம்மாள் அதற்குமேல் கேட்கவில்லை. கையுறையோடு அவளும் ஷவருக்குள் நுழைந்தாள். கோட்டின் கழுத்தைப் பிடித்து ஒரே இழுப்பு. பித்தான்கள் தெறித்தன. சுடிதாரையும் இழுத்தாள், கிழிந்தது, கிழியட்டும்.

உள்ளே ஒரு சேலைத் துண்டு.

நெஞ்சுக்குக் கீழே தொடங்கி அடிவயிறுவரைக்கும், சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டிய பழைய நூல்சேலைத் துண்டு. காஸ்டிக்கைக் குடித்துக் குடித்து ஊறிப்போய்க் கிடந்தது.

முடிச்சை அவிழ்த்தாள். ஒரு சுற்று அவிழ்ந்தது. இன்னொரு சுற்று. அவிழ அவிழ வயிறு முன்னால் வந்தது.

அஞ்சு மாசமாவது இருக்கும்.

ரப்பர் ஏப்ரன் எங்கே என்று காலையில் கேட்டதற்கு, நாடா அறுந்துபோச்சு என்று முஃபீதா சொல்லியிருந்தாள். நாடா எங்கே அறுந்தது! ஏப்ரனை இழுத்துக் கட்டினால் வயிறு தெரிந்துவிடும்.

பிள்ளைத்தாய்ச்சிகள் கேன் பக்கமே வரக்கூடாது என்பது அங்கே சட்டம். நல்ல சட்டம்தான். முன்பு பிருந்தாவை அப்படித்தான், “பெத்துட்டு வாம்மா” என்று சிரித்த முகமாக அனுப்பிவைத்தார்கள். அந்தப் பிள்ளை நடக்கவே ஆரம்பித்துவிட்டது. அவளை இன்னும் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

“சொல்லிராதீங்கக்கா,” என்றாள் முஃபீதா. தண்ணீர்ச் சத்தத்தில் உதடு மட்டும்தான் அசைந்தது. “வேல போயிரும். அவருக்கும் தறி வேல இல்ல இப்ப.”

வயிற்றின் ஒரு பக்கம் முழுக்க வெளுத்து, ஊறின காகிதம் மாதிரி இருந்தது. சாரம்மாள் அவளைத் திருப்பி, அந்தப் பக்கத்தைத் தண்ணீருக்கு நேராக நிறுத்தினாள்.

தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் சுவிசேஷமுத்து ஆம்புலன்ஸ்காரர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

“சாரம்மா, எத்தன பேருக்குப் பட்டிருக்குன்னு கேக்காவ. ஒருத்தருக்குத்தான?”

முஃபீதா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிகிற பிடி. வேண்டாம் வேண்டாம் என்று தலை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

சாரம்மாள் மறுகையின் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து எறிந்துவிட்டு, வெளுக்காத பக்கமாக வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். தண்ணீர் ஓடுவதைத் தவிர எந்த அசைவும் தெரியவில்லை.

“இல்ல அண்ணாச்சி,” என்றாள். “ரெண்டு பேருன்னு சொல்லுங்க.”