கம்பீரக் குரல்

புதிய தீயணைப்பு நிலைய அதிகாரி செண்பகவல்லிக்கு அதுதான் முதல் தீ. எரிந்தது விருதுநகரில் ஒரு மிளகாய் மண்டி. தெருவே தும்மிக்கொண்டிருந்தது. மாடி ஜன்னலில் மண்டிக்காரர் தங்கமாரியப்பன் வத்தல் மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். ஏணி தயார், மனிதர்தான் தயாராக இல்லை.

"உடனே இறங்கி வாருங்கள்" என்றாள். பயத்தில் நடுங்கிய குரலைத் தலைக்கவசத்தின் ஒலிபெருக்கி வாங்கி, துறை வழங்கிய கம்பீரக் குரலாக்கி முழங்கியது.

அண்ணாச்சி அசையவில்லை. பேசும் பஸ்ஸும் லிஃப்டும் அதே தோரணையில்தான் அவரை நாள் முழுக்க அதட்டுகின்றன.

"இந்த மிரட்டல எங்க வீட்டு மிக்சியே தெனம் போடுது! மனுசங்க யாராச்சும் இருந்தா பேசச் சொல்லு!"

புகை ஜன்னலை மூடத் தொடங்கியது. செண்பகவல்லி கவசத்தைக் கழற்றினாள்.

"அண்ணாச்சி, நான் மனுசிதான்! எறங்குறீங்களா, இல்ல நான் மேல வரவா? எனக்கும் பயமாத்தான் இருக்கு!" இருமலோடு கீச்சென்று வந்தது குரல்.

"அடடே, ஆளு இருக்கா! மொதல்லயே பேசக் கூடாதாம்மா?" மூட்டையை விட்டுவிட்டு ஏணியில் இறங்கினார்.

கவசக் குரலுக்கு ஆடி அசைந்து நகர்ந்த மூத்த வீரர் தாவீது இப்போது அவள் முகத்தைப் பார்த்தார். "அடுத்து என்ன மேடம்?"

"குழாயைப் பூரா உள்ள திருப்புங்கண்ணே."

வீரர்கள் ஓடினார்கள். தரையில் கால் பட்டதும் அண்ணாச்சிக்கு வியாபாரம் நினைவு வந்துவிட்டது. "தண்ணிய அளவா அடிக்கச் சொல்லும்மா. நனைஞ்ச வத்தல் பாதி விலைக்குத்தான் போகும்."

"கரிஞ்ச வத்தல் என்ன விலைக்குப் போகும், அண்ணாச்சி?"

யார் என்ன விலை சொன்னாலும் மறுவிலை சொல்லியே பழகிய மனிதர், குழாய்க்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.