தொண்டையில் கோளாறு

"இதுக்கா ஊசி? டாக்டர், இது குதிரையே இல்லை. பசு!"

லாயத்துக்காரர் அந்தப் பழுப்புக் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கீழுதடு தளர்ந்து, பரம சாதுவாக நின்றது அது.

"பேரே 'சாது'தான். பாருங்க, கதவுலகூட எழுதி வெச்சிருக்கேன்."

எழுதித்தான் வைத்திருந்தார். பெயின்ட் இன்னும் காயவில்லை.

டாக்டரம்மா குதிரையின் உதட்டை ஒரு பார்வை பார்த்தார். லாயத்துக்காரரை ஒரு பார்வை பார்த்தார். பெட்டியைத் திறந்து நீளக் குழாயை எடுத்தார். நுனியில் கேமரா. மூக்கு வழியாக உள்ளே விட்டால் தொண்டை திரையில் தெரியும்.

குதிரையை வாங்க வந்திருந்த பர்னிச்சர் கடை முதலாளி பத்திரமாக இரண்டடி பின்வாங்கினார்.

"எதுக்கும் ஒரு மயக்க ஊசி போட்டுடுங்களேன் டாக்டர். போன தடவை வாங்கின குதிரையையும் சாதுன்னுதான் சொன்னாங்க. என் பொண்ணைக் கீழே தள்ளிடுச்சு. கையில போட்ட மாவுக்கட்டு இன்னும் பிரிக்கலை. அதான் இந்தத் தடவை பல்லு, காலு, தொண்டைன்னு ஒண்ணு விடாமப் பாக்கச் சொல்லியிருக்கேன்."

"குட்டின்னா போடுவேன். அது ஒரு நிமிஷம் நிக்காது. வளர்ந்த குதிரைக்குத் தொண்டையைப் பாக்கறப்போ போடறதில்லை."

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் லாயத்துக்காரர். "எங்க வீட்டுப் பசங்க இதோட வயித்துக்கு அடியில புகுந்து விளையாடுவாங்க. ஊசியாம் ஊசி!"

குழாய் மூக்கில் நுழைந்தது. வேறு குதிரையாக இருந்தால் இந்நேரம் டாக்டரம்மாவை எதிர்ச் சுவரில் தேட வேண்டியிருக்கும். இது காதைக்கூட அசைக்கவில்லை.

"பாத்தீங்களா? நம்ம வளர்ப்பு அப்படி." லாயத்துக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

"நல்லாத்தான் நிக்குது" என்றார் முதலாளி. அவர் முகத்திலும் இப்போதுதான் சிரிப்பு வந்தது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூச்சு இழுக்கறப்போ தொண்டையில ரெண்டு பக்கமும் கதவு மாதிரித் திறக்கணும். இதுக்கு இடது பக்கம் பாதிகூடத் திறக்கலை. ஓட விட்டா மூச்சு திணறும். இந்தக் குதிரை வேணாம் சார்."

லாயத்துக்காரருக்குச் சுரீர் என்றது. தொண்டை கெட்ட குதிரை என்று பேர் வாங்கிவிட்டால் அப்புறம் ஒருத்தனும் சீண்ட மாட்டான்.

"என்ன டாக்டர், வாய்க்கு வந்ததைச் சொல்றீங்க! நம்ம சூறாவளிக்கா மூச்சுத் திணறல்? நேத்து சாயங்காலம் வேலியைத் தாண்டி மெயின் ரோடு வரைக்கும் ஓடிச்சு. பைக்ல துரத்திப் பிடிச்சோம். பிடிச்சவனைக் கடிச்சு வேற வெச்சுது! அப்பக்கூட மூச்சு திணறலையே!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

"சூறாவளியா? அது யாரு?" என்றார் முதலாளி.

லாயத்துக்காரர் குதிரையைப் பார்த்தார். குதிரை கொட்டாவி விட்டது.

டாக்டரம்மா குழாயை மெல்ல வெளியே இழுத்தார்.

"மயக்க மருந்து கொடுத்தா குதிரை மட்டும் தூங்காது. தொண்டைச் சதையும் சேர்ந்து தூங்கும். நல்ல தொண்டைகூடக் கெட்டதாத் தெரியும். நான் ஊசி போடாததே அதுக்காகத்தான். இப்ப நீங்களே சொல்லுங்க. இது தொண்டை கெட்ட சாதுவா, தொண்டை நல்லா இருக்கற முரடா?"

திருதிருவென்று விழித்தார் லாயத்துக்காரர். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி விழும் போலிருந்தது.

"தொண்டை... தொண்டை நல்லாத்தாங்க இருக்கு" என்றார் ஈனஸ்வரத்தில். "காலையில தீவனத்துல கொஞ்சமா... ஒரு பொடி..."

அவ்வளவுதான். பொங்கிவிட்டார் முதலாளி.

"மனுஷனாய்யா நீ? சின்னப் பொண்ணு ஏறப் போற குதிரைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! மயக்கம் தெளிஞ்சப்புறம் அவளைத் தூக்கி அடிச்சிருந்தா என்னய்யா பண்ணுவே? அடுத்தவன் பிள்ளைன்னா உனக்கு அவ்வளவு இளப்பமா? நீயும் பிள்ளை பெத்தவன்தானே?"

லாயத்துக்காரர் தலையைத் தொங்கப் போட்டு, உதடு தளர்ந்து நின்றார். குதிரையும் அவரும் இப்போது ஒரே மாதிரி இருந்தார்கள்.

டாக்டரம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. அப்பா என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!

அவருடைய பெட்டியை முதலாளியே கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நீங்க மட்டும் இல்லேன்னா நல்லா ஏமாந்திருப்பேன் டாக்டர். ரொம்ப நன்றி."

"பரவாயில்லை சார். பொண்ணு கை சரியாகட்டும். நிதானமாப் பாத்து வாங்கலாம்."

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஒரு சின்ன உதவி டாக்டர். அவளைத் தள்ளிவிட்ட அந்தச் சனியன் இன்னும் வீட்லதான் நிக்குது. ஞாயித்துக்கிழமை ஒரு வாத்தியார் தன் பையனுக்காகப் பாக்க வர்றாரு."

"சரி..."

"அவருக்குத் தொண்டையெல்லாம் பாக்கணும்னு தெரியாது, பாவம். இவன் கொடுத்தானே, அந்தப் பொடி பேரென்ன? தலை மட்டும் இப்படித் தொங்காம நிக்கணும்னா எவ்வளவு கலக்கணும்?"

டாக்டரம்மா கார் கதவைத் திறக்கவில்லை. அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கித் திறந்தார். குழாயை வெளியே எடுத்தார்.

"மூக்கைக் காட்டுங்க."

"எனக்கா? எதுக்கு டாக்டர்?"

"இப்பத்தான் அடுத்தவன் பிள்ளைன்னு அந்தக் கத்து கத்தினீங்க. அதே தொண்டைதானான்னு பாக்கணும்."