பதில் எழுத இடமில்லாத பக்கம்

“வெப்சைட் சுவத்துல ஒட்டுன போஸ்டர் மாதிரிங்க. படிச்சுட்டுப் போயிடுவாங்க. பிளாக்னா கீழயே பதில் எழுதுவாங்க. கதை எழுதுறவங்களுக்கு அதுதாங்க வேணும்.”

“பதில் எழுத முடியாதுன்னுதான் சார் வெப்சைட் கேக்குறேன்,” என்றாள் வெற்றிச்செல்வி.

லியோ பிரபு சிரித்துவிட்டான். அரியலூரில் வெப்சைட் செய்து கொடுக்கக் கடை போட்ட நாள் முதலாக இப்படி யாரும் கேட்டதில்லை.

“பயந்தா எப்படிங்க எழுதுறது?”

“என்னோட பழைய பிளாக்ல ஒருத்தன் ஒவ்வொரு கதைக்குக் கீழயும், ‘நாத்து நடப் போ’ன்னு எழுதிவெச்சான். எங்கம்மா தா.பழூர்ல நாத்து நட்டுத்தான் என்னப் படிக்கவெச்சுது. அதுகிட்ட எப்படிக் காட்டுறது? எழுதுறதையே வுட்டுட்டேன்.”

“நீங்களே நீக்கலாமே.”

“பாஸ்வேர்டு மறந்துபோச்சு.”

“அப்ப சிரமம். பிளாக்குக்குச் சொந்தக்காரங்க, இல்ல பதில் எழுதுன ஆளு, இவங்களுக்குத்தான் ‘நீக்கு’ன்னு காட்டும். பிளாக் பேரச் சொல்லுங்க, பாப்போம்.”

வெற்றிச்செல்வி சொன்னாள். பக்கம் திறந்தது. முதல் கதைக்குக் கீழே ‘நாத்து நடப் போ’; எழுதியவர் ‘பனிதேசத்தான்’. ரஷ்ய நாவல்களில் மூழ்கிக் கிடந்த கல்லூரிக் காலத்தில் லியோ தனக்கே சூட்டிக்கொண்ட பெயர். எழுதியதுகூட அவனுக்கு மறந்திருந்தது. காது மடல் எரிந்தது. பக்கத்தை மூடுவதற்குள் அவள் குனிந்து பார்த்துவிட்டாள்.

“உங்களுக்கு ‘நீக்கு’ன்னு காட்டுதே, சார்.”

அவன் தலை நிமிரவில்லை.

“நீங்க எழுதுன பதில் எல்லாத்தையும் நீங்களே அழிச்சுக் குடுங்க,” என்றாள். “அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும்.”