மேல் மாடிப் புகார்

"நேத்து நாங்க வாயே திறக்கலை சார். கையைக் காலை ஆட்டித்தான் ஒத்திகை பார்த்தோம். அதுக்கும் புகாரா?"

இடுப்பில் கை வைத்துக் கேட்டாள் சைரன் அக்கா. தெரு கூட்டும் பெண்கள் நடத்தும் நாடகக் குழுவுக்கு அவள்தான் தலைவி. அந்தப் பெயர் வந்ததே அவள் குரலால்தான்.

கலைத்துறை அதிகாரி கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கும்தான்மா. காது கிழியுதாம். மேல் மாடிக்குப் புதுசா குடிவந்தாரே பெரியவர், தினம் எங்க துறைக்கு ஒண்ணு போடறார்."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பெரியவர் வழக்கம்போல் பால்கனியில் நின்று முறைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டி நிறுத்துற இடத்துல ஆட்டம் போடக் கூடாது. நிறுத்திடுங்க" என்றார் அதிகாரி.

"முடியாது சார். எங்க கதையை நாங்களே எழுதி நாங்களே நடிக்கிறோம். அடுத்த மாசம் மேடை. யார் தடுத்தாலும் நிக்காது."

"அப்ப வேற இடம் பாருங்க."

"எதிர்லயே இருக்கே. எங்களை மாதிரி ஜனங்க கலை வளரணும்னு உங்க துறை கட்டின மன்றம். ரிப்பன் வெட்டின அன்னிக்குப் பூட்டினது. சாவி கேட்டு மனு மேல மனு குடுக்கறோம்."

"பரிசீலனையில இருக்கும்மா."

"முதல் மனு குடுத்தப்ப பொறந்த புள்ள இப்ப எதிர்த்துப் பேசுது சார்."

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மனுவுக்குப் பதில் சொல்லக் கெடு கிடையாது. புகாருக்கு உண்டு. இந்த மனுஷனால மேலதிகாரி என்னைப் போட்டு வறுக்கிறார். நீங்களும் நிறுத்த மாட்டேங்கறீங்க."

பையைத் துழாவிச் சாவியை எடுத்து நீட்டினார். "இன்னிக்கே மன்றத்துக்குப் போயிடுங்க. என்னை விட்டாப் போதும்."

பெண்கள் கைதட்டினார்கள். சைரன் அக்காவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. நியாயமாகக் கேட்டபோது கிடைக்காதது, துரத்திவிடும்போது கிடைக்கிறதே!

"அந்த ஆளை நாலு வார்த்தை கேக்காம எனக்குச் சோறு இறங்காது."

சாவியும் கையுமாகப் படியேறினாள். கதவைத் திறந்தது பெரியவரின் மருமகள்.

"உங்க மாமனாரைக் கூப்பிடும்மா. எங்க சத்தம் அவர் காதைக் கிழிக்குதாமே?"

மருமகள் விழித்தாள். "அவர் காதையா? பாய்லர் ரூம்ல வேலை பார்த்து ரெண்டு காதும் போயி ரொம்ப வருஷமாச்சேக்கா. நீங்க சாவிக்கு அலையறதைக்கூட நான் எழுதித்தான் காட்டினேன்."



பால்கனியிலிருந்து திரும்பிய பெரியவர் அவள் கையைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சாவி குடுத்துட்டாங்களா?" என்றார், தெருவுக்கே கேட்கும் குரலில். "நாளைக்குப் போட இன்னொரு புகாரும் எழுதி வச்சிருந்தேன்மா."