மூன்றாம் ஓலை

தங்கராஜு அறிவிப்புப் புத்தகத்தோடு மைக்கருகே வந்து நின்றார். ஒரு காலில் கறுப்பு ஷூ, இன்னொரு காலில் பழுப்பு ஷூ.

நான் கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

பத்தொன்பது வருடமாக எங்கள் பாச்சாங் சபைக்கு இவர்தான் செயலர். வார நாட்களில் லூபோக் சீனா பக்கம் ஒரு செம்பனை ஆலையில் லாரிகளுக்கு எடை போடுவார். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு. எட்டு மணி ஆராதனைக்கு எட்டு ஒன்றுக்கு வந்தவர்கள் அவர் பார்வைக்குத் தப்பித் தூணோரமாகப் போய் உட்காருவார்கள்.

ஒழுங்காக வாழ்வதும் ஒரு ஜெபம்தான் என்பார். ஜெபத்தில் எழுத்துப்பிழை விடலாமா என்றும் கேட்பார்.

அப்படிப்பட்டவர் இன்று காலை மணியை மூன்று நிமிடம் முன்னதாக அடித்தார். பாட்டு எண் பலகையில் 69-ஐ 96 என்று மாட்டினார். பியானோ ஒரு பாட்டை வாசிக்க, நாங்கள் இன்னொன்றைப் பாடினோம்.

எல்லாம் இந்தக் கல்யாண ஓலையால் வந்தது.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று. இன்று மூன்றாவது வாசிப்பு. கல்யாணம் வரும் சனிக்கிழமை. முந்நூறு பேருக்குப் பிரியாணி சொல்லியாகிவிட்டது.

ஒரு பெயர் பிசகினாலும் எல்லாம் ஒரு வாரம் தள்ளிப்போகும். அந்தச் சட்டத்தைத் தேடிப் பிடித்தவரே இவர்தான்.

என் அக்கா மகன் சுரேனைக் கேட்டால் சொல்வான். இரண்டு வருடத்துக்கு முன், தங்கராஜுவுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் அவருக்குப் பதில் அவனுடைய மூன்றாம் ஓலையை வாசித்த மூப்பர், சுரேன் என்பதைச் சுரேந்திரன் என்று வாசித்துவிட்டார். செல்லாது என்றார் தங்கராஜு. கல்யாணம் தள்ளிப்போனது. மாமியார் ஒரு மாதம் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் தங்கராஜு வீட்டுக்கே சண்டைக்குப் போனேன். அவர் சட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கத்தைக் காட்டினார். பிறகு பாலில்லாத தே ஓ கலந்து கொடுத்தார். கோப்பையின் கைப்பிடி என் பக்கம் வரும்படி திருப்பி வைத்தார்.

இந்த ஓலையை மட்டும் நானே வாசிக்கிறேனே என்று பாஸ்டர் மூன்று வாரமாகச் சொல்லிப் பார்த்தார். செயலர் வாசிப்பதுதான் கிரமம் என்று இவர் ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

இப்போது மைக்கில் தொண்டையைக் கனைத்தார். எனக்குச் சனிக்கிழமை வேண்டும். கர்த்தரே, இந்தச் சனிக்கிழமையே வேண்டும்.

முதல் பெயரைத் திருத்தமாக வாசித்தார். தகப்பன் பெயர், சொந்த ஊர் செலண்டார், எல்லாம் சரி. பிசகவா போகிறது, அவருடைய பெயர்தானே அது. ஐம்பத்து நான்கு வயதில் மாப்பிள்ளையான மனிதர் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது பெயருக்கு வந்ததும் தாளிலிருந்து கண்ணை எடுத்து, நேரே பெண்கள் பக்கம் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

ராணிக்கும் என்றார்.

பின்வரிசையில் சுரேன் எழுந்து நின்றான். இரண்டு வருடமாக இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி.

"சித்தப்பா, பேரு தப்பு லா."

அவரை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தங்கராஜு தாளைப் பார்த்தார், சுரேனைப் பார்த்தார், பிறகு சிரித்தார். பத்தொன்பது வருடத்தில் அவருடைய பல்லைச் சபை பார்த்தது இன்றுதான். பேனாவை எடுத்து ஓலையின் குறுக்கே நேராக ஒரு கோடு போட்டார்.

"சுரேன் சொல்றது சரி. மூன்றாம் வாசிப்பு அடுத்த ஞாயிறு."

சபையே சிரித்தது. பாஸ்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழ வேண்டும் போலவும் இருந்தது, எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலவும் இருந்தது. அவரை இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது.

ஓலையில் இருக்கும் என் பெயர் விஜயராணி. ராணி என்று அவர் கூப்பிடுவது போனில் மட்டும்தான்.

பிரியாணிக்காரருக்கு நான்தான் சொல்ல வேண்டும். முதலில் இந்தச் சிரிப்பு நிற்கட்டும்.