விராலின் ஓட்டு

ஒரு குளத்தில் தேர்தல் வந்தது. நாரையும் மீன்கொத்தியும் போட்டியிட்டன. ஜெயித்தவருக்குக் குளம், தோற்றவர் அந்தப் பக்கமே வரக்கூடாது.

"ரெண்டுமே மீன் தின்கிறதுதானே? யாருக்குப் போட்டா என்ன?" என்று ஆண் விரால் படுத்துக்கொண்டது.

பெண் விரால் தன் குஞ்சுகளைப் பார்த்தது. செக்கச்செவேலென்று, விரல்நுனி அளவுதான் இருந்தன.

"மீன்கொத்தி வாய்க்குப் பொடிசுங்கதாங்க அடங்கும். நாரை பெரிய மீனாத்தான் தேடும்," என்றது மெதுவாக.

"பெரிய மீன்னா நாமதானே, புள்ள?"

"ஆமாங்க."

ஆண் விரால் குஞ்சுகள் பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு எழுந்து, "வா, கூட்டம் சேர்றதுக்குள்ள போயிடலாம்," என்றது.

நாரை ஜெயித்தது. அந்த வருஷம் முழுக்கக் குஞ்சுகள் மேலே வெயிலில் துள்ளி விளையாடின. அம்மாவும் அப்பாவும் சேற்றுக்குள் பதுங்கிக்கொண்டு, கீழிருந்தே அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தன.